அளவோடு உண்ணலும் ஒரு நோன்பே

சோழ வளநாட்டில், தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் செல்லும் வழியில் கோயில்வெண்ணி என்னும் திருத்தலம் அமைந்துள்ளது. சங்க காலத்தில் வெண்ணி என வழங்கிய இவ்வூரின் போர்க்களத்தில்தான் கரிகாற்சோழன் சேர பாண்டியரையும் வேளிர் பதினொருவரையும் வென்று புகழ் கொண்டான். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிப் பரவிய இத்தலத்து இறைவன் கரும்பேசுவரர், இறைவி சௌந்தரநாயகி. கரும்புக் கழிகளை ஒன்றுசேர்த்துக் கட்டினாற்போன்ற தோற்றமுடையது இவ்விறைவனின் இலிங்கத் திருமேனி என்பர். நீரிழிவு நோய் உடையோர் இங்கு வந்து, ரவையும் சர்க்கரையும் கலந்து இறைவனுக்குப் படைத்து, அதனைத் திருச்சுற்றில் எறும்புகளுக்கு உணவாக இடுதல் வழக்கமாக உள்ளது. எறும்புகள் அதனை உண்ண, நோயின் கடுமை தணியும் என்பது அடியார்களின் நம்பிக்கை.

இவ்வழிபாட்டின் உட்பொருளைச் சிந்தித்தல் வேண்டும். தன் கையில் உள்ள சர்க்கரையைத் தான் உண்ணாமல் சிற்றுயிருக்கு ஈந்துவிடுகிறான் அடியவன். அங்கே ஈகையும் உண்டு, துறவும் உண்டு. வேண்டுதல் நிறைவேற்றி வீடு திரும்பியவன், தன் இலையிலும் அத்துறவைத் தொடர்ந்தால் அவ்வழிபாடு முழுமை பெறும். எறும்புக்குச் சர்க்கரை இட்டாயிற்று, இனி மாத்திரை வேண்டா, எதனையும் உண்ணலாம் என்று எண்ணுவானாயின், வழிபாட்டின் பொருளை அவன் உணர்ந்தவனாகான்.

இவ்வாறு மருந்தை நிறுத்துவோர் ஒருசாரார். நோயைப் பொருட்படுத்தாது நாள் முழுதும் பட்டினி கிடந்து, கோயிற் கூட்டத்திடையே மயங்கி விழுவோர் மற்றொரு சாரார். பிரசாதம் உண்டால் நோய் மிகும் என அஞ்சி, நீட்டிய கையை மடக்கிக்கொள்வதும், நாளடைவில் கோயிலுக்கு வருதலையே குறைத்துக்கொள்வதுமாக மனம் வருந்துவோர் மூன்றாம் சாரார். இம்மூவருக்கும் உரிய விடை ஒன்றே. அது அளவு என்னும் நெறி. நீரிழிவு உடையவருக்கு அளவோடும் காலம் தவறாமலும் உண்பதே நாள்தோறும் நோற்கும் நோன்பாகும்.

நோயின் பெயரும் இயல்பும்

சிறுநீர் மிகுதியாகக் கழிதலால் நீரிழிவு என்றும், அதில் இனிப்புக் கலந்திருத்தலால் மதுமேகம் என்றும் முன்னோர் இந்நோய்க்குப் பெயரிட்டனர். மது என்பதற்குத் தேன் என்பது பொருள். நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்த்தலைக் கொண்டே இந்நோயை அறிந்தனர் பண்டைய மருத்துவர். அக்காலத்தில் எறும்பு செய்த வேலையை இக்காலத்தில் குருதிச் சோதனை செய்கிறது.

நாம் உண்ணும் சோறு, இட்லி, சப்பாத்தி, கிழங்கு முதலியவற்றில் உள்ள மாவுப்பொருள் குடலில் சர்க்கரையாக மாறிக் குருதியிற் கலக்கிறது. அச்சர்க்கரையை உடலின் அணுக்களுக்குள் செலுத்தும் திறவுகோல் போன்றது, கணையம் சுரக்கும் இன்சுலின். அது குறையும்போதும், இருந்தும் செயல் குன்றும்போதும் சர்க்கரை குருதியிலேயே தேங்குகிறது. உணவு கொள்ளாத வைகறைச் சோதனையில் 100 மில்லி லிட்டர் குருதியில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் சர்க்கரை காணப்பட்டு, மறு சோதனையிலும் அது உறுதியாயின் நீரிழிவு எனக் கொள்வர். மூன்று திங்களின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. என்னும் சோதனையில் 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவைக் குறிக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடைபெற்று 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் நீரிழிவுடையோர் 10 கோடியருக்கு மேற்பட்டவர். ஆகவே கோயில் வரிசையில் நிற்போருள் இந்நோய் உடையோர் பலர் இருப்பர் என்பதில் ஐயமில்லை.

தேங்கிய சர்க்கரை தொடக்கத்தில் வலி ஏதும் தருவதில்லை. அதுவே இந்நோயின் வஞ்சனை. பல்லாண்டுகள் கழிந்தபின் கண், சிறுநீரகம், நெஞ்சு, நரம்பு, பாதம் ஆகியவற்றை அது தாக்குகிறது. நோவில்லாத காலத்திலேயே காத்துக்கொள்வோர் நெடுநாள் நலமுடன் வாழ்கின்றனர்.

வள்ளுவர் வகுத்த முறை

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் மருந்து என்னும் தலைப்பினது. அதன் பத்துக் குறள்களுள் ஆறு குறள்கள் உணவைப் பற்றியே பேசுகின்றன. முன் உண்டது செரித்தபின் உண்ணுதல், பசித்தபின் உண்ணுதல், உடலுக்கு ஒவ்வாதனவற்றை விலக்குதல், மிகாமல் உண்ணுதல் என்பனவே அவற்றின் சாரம். மருந்து என்னும் அதிகாரத்தில் எந்த மூலிகையின் பெயரையும் கூறாமல், உண்ணும் முறையையே முதல் மருந்தாக வைத்த பெருமை வள்ளுவருடையது.

அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்துக்கு உறுப்பாவன நான்கு என்கிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்பன அவை. உணவு நெறியே மருந்தை வேண்டாததாக்கிவிடும் என மயங்கல் ஆகாது. தொடக்க நிலையில் உள்ளோர் சிலருக்கு உணவும் நடையுமே போதுமானவை ஆகலாம். அதனை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். மாத்திரையையோ இன்சுலினையோ தாமாக நிறுத்துதல் பெருந்தீங்கு விளைக்கும்.

இலையைப் பங்கிடும் முறை

நம் முன்னோர் வாழையிலையில் உண்டனர். நீரிழிவுடையோர் நினைவிற்கொள்ள அவ்விலையே எளிய அளவுகோல் ஆகும். இலையை மனத்தால் இரண்டாகப் பகுத்து, ஒரு பாதி முழுதும் காய்கறி, கீரை ஆகியவற்றுக்கு விடுக. எஞ்சிய பாதியை மீண்டும் இரண்டாக்கி, ஒரு கால் பங்கில் சோறு அல்லது அதற்கு ஈடான தானிய உணவையும், மற்றொரு கால் பங்கில் பருப்பு, பயறு, சுண்டல் போன்ற புரத உணவையும் கொள்க. நம் இல்லங்களிலோ இலையின் பெரும்பகுதியைச் சோறு கவர்ந்துகொள்ள, காய்கறிகள் தொட்டுக்கொள்ளும் அளவில் ஓரத்தில் ஒதுங்கி நிற்கின்றன. இம்முறை மாறுதல் வேண்டும்.

காய் என்னும்போது அவரை, கத்தரி, வெண்டை, புடல், பீர்க்கு, பாகல், சுரை, பூசணி, முருங்கை, முட்டைக்கோசு முதலியன கொள்ளத்தக்கன. உருளை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி ஆகியவற்றைக் காயின் கணக்கிற் சேர்த்தல் தவறு; அவை மாவுப்பொருள் மிக்கவை. உருளைக் கறி உண்ணும் நாளில் அதற்கேற்பச் சோற்றைக் குறைத்தல் வேண்டும்.

உண்ணும் வரிசையிலும் ஒரு நுட்பம் உண்டு. காயையும் பருப்பையும் முன்னர் உண்டு, சோற்றைப் பின்னர் உண்டால், உண்டபின் சர்க்கரை ஏறும் வேகம் தணிகிறது என இக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. பச்சடி, கூட்டு, பொரியல் ஆகியவற்றை இலையில் முதலில் பரிமாறி, அதன்பின் சோறு இடுதல் நம் பந்தி வழக்கம். சோறு வரும்வரை காத்திராமல், முன் வைத்த காய்களை முதலிலேயே உண்ணத் தொடங்குக.

ஒரு நாளைய உணவு

காலை எழுந்ததும் சர்க்கரை கலவாத தேநீரோ மோரோ கொள்ளலாம். காலை எட்டு மணிக்குள் இரண்டு அல்லது மூன்று இட்லியைக் காய்கள் நிறைந்த சாம்பாருடன் உண்க. அல்லது முருங்கைக்கீரை கலந்த கேழ்வரகு அடை இரண்டு, பெசரட்டு எனப்படும் பச்சைப்பயற்றுத் தோசை இரண்டு என மாற்றிக்கொள்க. முற்பகலில் பசி தோன்றினால் ஒரு கொய்யாவோ, வெள்ளரியோ, மோரோ போதும்.

நண்பகல் ஒரு மணியளவில் ஒரு கிண்ணம் சோறு, கீரைக் கூட்டு, பொரியல், பருப்பு அல்லது சாம்பார், மோர் என்பன அமையட்டும். மாலையில் ஒரு கைப்பிடி சுண்டல் கொள்க. இரவு எட்டு மணிக்குள் இரண்டு சப்பாத்தியும் காய்க் குருமாவும், அல்லது காய்கள் மிகுந்த கோதுமை ரவை உப்புமாவும் பருப்பும் கொள்க. உண்ட உடனே உறங்காமல் பத்து அல்லது பதினைந்து நிமிடம் மெல்ல நடத்தல் பெரிதும் நன்மை தரும்.

இவை ஒரு வழிகாட்டியே. உடல் உழைப்பு மிக்கவருக்கும், மெலிந்தவருக்கும், முதியவருக்கும் அளவு வேறுபடும். சிறுநீரகம் பழுதுற்றவர் பருப்பு, கீரை, பழம் ஆகியவற்றின் அளவையும் மருத்துவரிடம் கேட்டே கொள்ளுதல் வேண்டும். மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் எக்காரணத்தாலும் வேளை தவறுதல் ஆகாது. ஒரு வேளை பட்டினி கிடந்து மறு வேளை இரட்டிப்பாக உண்பது இந்நோய்க்குப் பகை.

இனிப்பை மாற்றினால் நோய் மாறுமா?

வெள்ளைச் சர்க்கரையை விட்டு வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவற்றைக் கொண்டால் தீங்கில்லை என்பார் பலர். இது மயக்கமே. இவற்றுள் சிறிதளவு தாதுப்பொருள்கள் இருப்பினும், பெரும்பகுதி சர்க்கரையே ஆகும். குருதியில் சர்க்கரையை உயர்த்துவதில் வெல்லத்துக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

சிறுதானியங்களைப் பற்றியும் இத்தகைய மயக்கம் உண்டு. தினை, சாமை, வரகு, கேழ்வரகு ஆகியன நார்ச்சத்து மிக்கவை. தீட்டிய அரிசியினும் மேலானவை. எனினும் அவற்றிலும் பெரும்பகுதி மாவுப்பொருளே ஆதலால் அளவின்றி உண்ணல் ஆகாது. கேழ்வரகைக் கூழாகவோ கஞ்சியாகவோ குழையக் காய்ச்சிப் பருகினால் அது விரைவாகச் செரித்துச் சர்க்கரையை விரைவில் உயர்த்தும். அதனையே அடையாகவோ களியாகவோ செய்து, கீரையுடன் அளவாக உண்பது நன்று. பழங்களைச் சாறாகப் பிழிந்து பருகாமல் முழுப் பழமாக உண்ணுதலும் இக்கருத்துப் பற்றியதே.

பிரசாதம் கொள்ளும் முறை

பிரசாதம் என்பது இறைவனின் அருட்கொடை. அதன் பெருமை அளவில் இல்லை. ஒரு துளி தீர்த்தமும், ஓர் இதழ் துளசியும், ஒரு சிட்டிகை திருநீறும் முழுப் பிரசாதமே. ஒரு பருக்கையும் பிரசாதமே. ஒரு தொன்னை நிறைய இருப்பினும் அதுவும் பிரசாதமே. ஆகவே நீரிழிவுடைய அடியார் நீட்டிய கையை மடக்க வேண்டா. பணிவோடு பெற்று, கண்களில் ஒற்றிக்கொண்டு, விரல் நுனியளவு உண்டு, எஞ்சியதை உடன் வந்தோர்க்கும் அருகில் நிற்கும் குழந்தைகளுக்கும் ஈந்துவிடுக. பகிர்தலால் பிரசாதத்தின் பயன் பெருகுமேயன்றிக் குறையாது. பெற்றதை மூலையில் வைத்துவிட்டு அகல்வது மட்டும் பிழை.

எப்பிரசாதத்தில் யாது உளது என அறிந்துகொள்ளுதல் நன்று. 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற பழநிப் பஞ்சாமிர்தம் வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், பேரீச்சை, கற்கண்டு, நெய், ஏலக்காய் ஆகியவை கொண்டு ஆக்கப்படுவது. இவற்றுள் நெய்யும் ஏலமும் நீங்கலாக ஏனைய அனைத்தும் இனிப்பே. சர்க்கரைப் பொங்கல், அக்காரவடிசில் ஆகியவற்றில் அரிசியும் வெல்லமும் இரட்டை மாவுச்சுமை ஆகின்றன. இவற்றை விரல் நுனியளவோடு நிறுத்துக. புளியோதரை, வெண்பொங்கல், தயிர்ச்சோறு ஆகியன இனிப்பற்றவை எனினும் சோறே ஆகலின் இலையின் கால் பங்குக் கணக்கில் சேரும். மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் காஞ்சிபுரம் கோயில் இட்லியும் அத்தகையதே.

நவராத்திரியிலும் வியாழக்கிழமைகளில் தட்சிணாமூர்த்தி சந்நிதியிலும் வழங்கும் கொண்டைக்கடலைச் சுண்டல் நீரிழிவுடையோர்க்கு உகந்த பிரசாதம். அதில் புரதமும் நார்ச்சத்தும் மிக்கிருத்தலால் சர்க்கரை மெல்லவே ஏறும். வேண்டுதல் நிறைவேற்றுவோர் சர்க்கரைப் பொங்கலுக்கு ஈடாகச் சுண்டலைப் படைத்து வழங்கினால், பெறுவோருள் பலருக்கு அது பேருதவி ஆகும்.

திருவிழா நாளில் சிறிது மிகுதியாக இனிப்புக் கொள்ள நேருமாயின், ஒன்றைக் கொண்டால் ஒன்றைக் குறைத்தல் என்னும் முறையைக் கைக்கொள்க. இரண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கல் கொண்டவர் அவ்வேளைச் சோற்றைப் பெரிதும் குறைத்துக் காய்களால் வயிற்றை நிரப்புக. வழக்கமான உணவின்மேல் இனிப்பையும் சேர்த்துக்கொள்வதுதான் தீங்கு தருவது.

அன்னதானப் பந்தியில்

பசியைப் பிணி எனவே பெயரிட்டுப் பசிப்பிணி என்றது தமிழ். அப்பிணியைத் தீர்க்க மணிமேகலை அமுதசுரபி ஏந்தினாள். வள்ளற்பெருமான் 1867-ஆம் ஆண்டு வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அன்னதானப் பந்தியில் அமரும் நீரிழிவுடையோர், சோறு பரிமாறும் முன்னரே இலையின்மேல் கைகாட்டி, வேண்டும் அளவைக் கூறிவிடுக. இட்டபின் உண்ணாது விடுவதினும் இடுமுன் மறுத்தல் அறம். கூட்டும் பொரியலும் வேண்டுமாயின் கேட்டுப் பெறுக. அதில் நாணம் வேண்டா. பந்திக்குக் காத்திருக்கும் நேரம் நீளக் கூடுமாதலால், உண்ணும் வேளையைக் கணக்கிட்டுச் செல்க. உணவுக்கு முன் கொள்ளும் மாத்திரையையோ இன்சுலினையோ முன்னதாகவே கொண்டுவிட்டு வரிசையில் நிற்றல் இடர் விளைக்கும்; இலை முன் அமர்வது உறுதியான பின்னரே அதனைக் கொள்க.

விரதமும் மருந்தும்

வைகுண்ட ஏகாதசி, கந்தசஷ்டி, மகாசிவராத்திரி, பிரதோஷம், கார்த்திகை எனத் திங்கள்தோறும் விரத நாள்கள் வருகின்றன. நெடுங்காலமாக நோற்றுவந்த விரதத்தை நோயின் பொருட்டு விடுவது அடியார்க்குப் பெருந்துயரம் தருவது. அத்துயரம் நீங்க வழியுண்டு.

நீர், கிழங்கு, கனி, பால், வேள்வியில் இட்ட அவி, அந்தணர் விருப்பம், குருவின் ஆணை, மருந்து ஆகிய எட்டும் விரதத்தைக் கெடுப்பன அல்ல என வடமொழி நூல்கள் விதி வகுத்துள்ளன. மருந்து அப்பட்டியலில் இடம்பெற்றிருத்தலை நோக்குக. மருந்து கொள்வதால் விரதம் கெடாது எனின், அம்மருந்து தீங்கு செய்யாதிருக்க வேண்டிய உணவைக் கொள்வதாலும், விரல் நுனியில் குத்திக் குருதியைச் சோதிப்பதாலும் கெடாது என்பது தெளிவு. முதியோர், நோயுற்றோர், கருவுற்றோர், குழந்தைகள் ஆகியோர்க்குக் கடும் விரதத்திலிருந்து விலக்களிப்பது நம் மரபு.

பட்டினியால் வரும் இடர் யாது? நீரிழிவு மாத்திரைகளுள் சில கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வன. அவற்றையோ இன்சுலின் ஊசியையோ கொண்டு உணவை மட்டும் விலக்கினால், குருதிச் சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்கிவிடும். விரதத்துக்காக மருந்தை முற்றும் நிறுத்தினால் சர்க்கரை கட்டுமீறி உயரும். இரண்டும் உயிருக்கு ஊறு செய்வன. நீரும் அருந்தாமல் இருத்தல் இவர்கட்கு மேலும் தீங்கு.

குழந்தைப் பருவத்திலோ இளமையிலோ தொடங்கும் முதல் வகை நீரிழிவு உடையோர், கருவுற்றோர், சிறுநீரக நோயோ நெஞ்சு நோயோ உடையோர், அண்மையில் சர்க்கரை தாழ்ந்து மயங்கியோர் ஆகியோர் பட்டினி விரதம் மேற்கொள்ளல் ஆகாது. ஏனையோர் விரத நாளுக்குச் சில நாள்களுக்கு முன்னரே மருத்துவரைக் கண்டு, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி அமைத்துக்கொண்டே நோற்க வேண்டும்.

விரதப் பலகாரங்களிலும் கருத்து வேண்டும். சோற்றை விலக்கிய நாளில் ஜவ்வரிசிப் பாயசமும், அவலும் வெல்லமும், உருளைக்கிழங்கும், வாழைப்பழங்களும் உண்டால், விலக்கிய சோற்றினும் மிகுந்த சர்க்கரை உடலிற் சேரும். ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கின் மாவே ஆகும். இவற்றுக்கு ஈடாக இனிப்பற்ற பால், மோர், ஊறவைத்த பாசிப்பருப்பும் வெள்ளரியும் கலந்த கோசுமல்லி, கொய்யா, சிறிதளவு நிலக்கடலை ஆகியவற்றைச் சிறுகச் சிறுகப் பல வேளையாகக் கொள்க. துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் ஆகியவற்றைச் சேர்த்த முன்னோர், நோன்பு முடிவில் இனிப்பை முன்வைக்கவில்லை என்பதும் எண்ணத்தக்கது.

உண்ணாமையே விரதம் என்பதில்லை. இனிப்பை ஓராண்டு விடுதலும், வேளை தவறாது அளவோடு உண்ணுதலும், அன்று ஒருவருக்கு உணவளித்தலும், மௌனம் காத்தலும், திருமுறையோ திவ்வியப் பிரபந்தமோ ஓதுதலும் விரதமே ஆகும்.

சர்க்கரை தாழ்ந்தால் செய்யத்தக்கது

திடீர் வியர்வை, கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, மிகு பசி, கண் மங்கல், பேச்சுக் குழறல், மனக் குழப்பம் ஆகியன சர்க்கரை தாழ்தலின் அறிகுறிகள். சோதனையில் 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பின் உடனே விரதத்தை முடித்தல் வேண்டும். சோதிக்கும் கருவி இல்லையெனில் அறிகுறியே போதும். காலம் தாழ்த்தல் ஆகாது. மூன்று தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரையை நீரிற் கரைத்துப் பருகுக. பதினைந்து நிமிடத்தில் தெளிவு பிறவாவிடின் மீண்டும் அவ்வளவே கொள்க. தெளிந்தபின் உணவு உண்க. நெய் கலந்த பொங்கல் மெல்லவே செரிக்குமாதலால் இந்நேரத்துக்கு அது ஏற்றதன்று. வெறும் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ சிறந்தது.

நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றுதல் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அவரை ஒருபுறமாகச் சாய்த்துக் கிடத்தி, 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். அருகில் இருப்போர் இதனை அருள் வந்த நிலை என்றோ, களைப்பு என்றோ கருதி வாளாவிருத்தல் ஆகாது. நாள்தோறும் விலக்கும் சர்க்கரையே இவ்வேளையில் உயிர் காக்கும் மருந்தாகிறது. ஆகவே நீரிழிவுடைய அடியார் ஒவ்வொருவரும் கோயிலுக்கு வரும்போது சிறு பொட்டலம் சர்க்கரையும், தம் நோயும் மருந்தும் உறவினர் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டும் உடன் கொண்டு வருதல் வேண்டும்.

வலம் வருவோர் கருத்துக்கு

திருச்சுற்றை வலம் வருதல் உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம். எனினும் திருவண்ணாமலையில் ஏறத்தாழ 14 கிலோ மீட்டர் கிரிவலம் வருவோரும், பழநிக்குப் பாதயாத்திரை செல்வோரும் வெறும் வயிற்றோடு புறப்படல் ஆகாது. நடை மிகுந்தால் சர்க்கரை விரைந்து குறையும். புறப்படுமுன் அளவாக உண்டு, வழியில் கொள்ளச் சுண்டலோ பழமோ வைத்துக்கொள்க. நரம்பு தளர்ந்த பாதத்துக்குச் சூடும் முள்ளும் தெரியா. ஆகவே உச்சிப் பொழுதில் கொதிக்கும் கற்றளத்தில் வெறுங்காலோடு நடத்தலைத் தவிர்த்து, காலையிலோ மாலையிலோ வலம் வருக. வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கழுவித் துடைத்து, புண்ணோ கொப்புளமோ உளதா எனப் பார்த்துக்கொள்க.

இல்லத்தார் கடமை

பேணுபவரையும் மருத்துவத்தின் உறுப்பாக வள்ளுவர் வைத்ததன் காரணத்தை இல்லத்தார் உணர்தல் வேண்டும். ஒருவருக்குப் பத்தியம், ஏனையோர்க்கு விருந்து என இரு சமையல் செய்தால் நோயுற்றவர் தனிமைப்பட்டுப்போவார். காய் மிகுந்து, எண்ணெயும் இனிப்பும் குறைந்த உணவு அனைவருக்கும் நன்மையே ஆகலின், வீட்டார் அனைவரும் அதனையே உண்க. இன்று ஒரு நாள்தானே என்று இனிப்பை வற்புறுத்தி ஊட்டும் உறவினர், அன்பின் பெயரால் தீங்கு செய்கின்றனர். வேண்டா என்று ஒருமுறை சொன்னவரை மறுமுறை வற்புறுத்தாமையே உண்மை விருந்தோம்பல்.

உடம்பை இறைவன் உறையும் கோயில் எனக் கண்டு, அதனைப் பேணுதல் கடமை என உணர்த்தியவர் திருமூலர். கோயிலில் காலம் தவறாது பூசை நடப்பது போல, நீரிழிவுடைய அடியார் வேளை தவறாது அளவோடு உண்டு, மருந்தும் நடையும் கைவிடாமல், பிரசாதத்தைப் பணிவோடு பெற்று, மிகுந்ததைப் பிறர்க்கு ஈந்து வாழ்வாராயின், அவர் இலை முன் அமரும் ஒவ்வொரு வேளையும் வழிபாடாகும். எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் அடியார் அனைவரும் நோயற்ற வாழ்வும் குறைவற்ற செல்வமும் பெற்று இனிது வாழ்க.

திருச்சிற்றம்பலம்.